ஆயிரத்து நூற்று நாற்பத்தோராவது அணிந்துரை

செம்மொழிச் சுடர் பொழிலரசன் ஆயிரத்துச் சொச்சம் நூல்களுக்கு அணிந்துரை எழுதியவர். அவற்றில் எத்தனையைப் படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் பக்கம், நடுவில் கை போன இடத்தில் ஒரு பக்கம், அப்புறம் நன்றியுரை. நன்றியுரையை மட்டும் நிதானமாகப் படிப்பார், தன் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டங்கள் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. பிறகு பேனாவைத் திறந்தால் 'தென்றலாய்த் தொடங்கிப் புயலாய் எழுந்து' என்று ஆரம்பித்து 'தமிழன்னையின் மணிமுடியில் மற்றுமொரு வைரம்' என்று முடிகிறவரை மூடமாட்டார். நூலாசிரியர்களும் அந்த வைரத்தை வாங்கிக்கொண்டு, சால்வை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

சட்டம் வந்த பிறகுதான் இதெல்லாம் விவகாரமாயிற்று.

சட்டம் வந்த கதை சுருக்கமானது. இயந்திரங்கள் கதை எழுத ஆரம்பித்தன. பிறகு நன்றாகவும் எழுத ஆரம்பித்தன. ஒரு கட்டத்தில் எது மனிதன் எழுதியது, எது இயந்திரம் எழுதியது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாமல் போயிற்று. மனிதன் எழுதியதை அவனைக் கேட்காமல் தொடக்கூடாது, இயந்திரம் எழுதியதை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எது எது என்று தெரிந்தால்தானே ஏற்பாடு. மூன்று நிபுணர் குழுக்கள் நான்கு நாடுகளுக்குப் போய்த் திரும்பி, கனமான ஓர் அறிக்கையில் இலேசான ஒரு யோசனையைச் சொல்லின. ஒரு மனிதன் எழுதியதை இன்னொரு மனிதன் முழுக்கப் படித்துவிட்டு, 'ஆமாம், இது மனித எழுத்துதான்' என்று தன் சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு சமாசாரம் தமிழ்ப் புத்தகங்களில் ஏற்கெனவே இருந்ததால் இங்கே புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அணிந்துரை அரசு ஆவணமாயிற்று.

முகப்பேரில் பொழிலரசன் வீட்டு வாசலில் செருப்புகள் பெருகின. மாதம் நாற்பது பேர் வந்தார்கள். கூட்டுறவுத் துறையில் ஜம்புலிங்கம் என்ற இயற்பெயரோடு முப்பத்து மூன்று வருடம் கோப்பு பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு கையெழுத்துப் போட்டதில்லை. அவருடைய மனைவி கோதைநாயகி தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காரியம் தேங்குவது அவருக்குப் பிடிக்காது.

"உங்க பழைய அணிந்துரை எல்லாத்தையும் ஒரு சாஃப்ட்வேருக்குக் குடுத்துட்டேன்" என்றார் ஒருநாள். "இனிமே புத்தகத்தோட பேரைப் போட்டா போதும், ரெண்டு பக்கம் வந்துடும்."

"நான் எழுதற மாதிரி இருக்குமா?"

"நீங்க எழுதறதைவிட உங்க மாதிரி இருக்கு."

பொழிலரசன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மனிதன்தான் எழுதினான் என்று இயந்திரம் சான்றளிக்கும் நடைமுறை இப்படியாக முகப்பேரில் தொடங்கி, ஒன்றரை வருடம் தங்குதடையில்லாமல் நடந்தது.

இந்தச் சான்றுகளைப் பதிவு செய்கிற மனிதப் படைப்புப் பதிவகத்தில் இருந்து நோட்டீஸ் வந்த அன்று காலையிலேயே ஒரு போனும் வந்தது.

"சார், தூத்துக்குடியில இருந்து பிரகாசி பேசுதேன். 'ஆறாம் நம்பர் மேசை' எழுதுனவ."

"அடடே, சொல்லுங்கம்மா. அற்புதமான படைப்பு. தென்றலாய்த் தொடங்கி..."

"நோட்டீஸ் வந்துட்டா சார்?"

பொழிலரசன் தென்றலை நிறுத்தினார். "வந்திருக்கு. என்னன்னுதான் புரியலை."

"என் நாவல படமா எடுக்கணும்னு ஒரு கம்பெனிக்காரன் வந்தான் சார். பத்து பாகம். நான் முடியாதுன்னுட்டேன். இப்ப என்ன செய்தான்னா, ஒங்க அணிந்துரை மெஷின் எழுதுனதுன்னு மனு போட்டுட்டான். அது செல்லாதுன்னா சான்று செல்லாது. சான்று செல்லாதுன்னா என் புத்தகத்த எவன் வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். மெஷின வச்சு படத்த எடுத்தே முடிச்சிட்டாவளாம். தீர்ப்பு வந்த மறுநாள் விடப் போறாவ."

"ஒரு விதத்துல நல்லதுதானேம்மா? நாலு பேருக்குப் போய்ச் சேருமே."

"எட்டாவது பாகத்துல ஜெபமாலைய இறால் கம்பெனி முதலாளிக்குக் கட்டி வச்சிருக்காவ சார்."

ஜெபமாலை யார் என்று பொழிலரசனுக்குத் தெரியவில்லை. "அநியாயம்" என்றார் பொதுவாக.

"அவ நெசமாவே உள்ளவ சார். அந்த மேசைல இருக்க ஆறு பேரும் உள்ளவங்கதான். நானும் அங்க பதினோரு வருசம் இறால் உரிச்சவதான், பெறகுதான் போஸ்ட் ஆபீஸ் வேலைக்கு வந்தேன். பேர மாத்தட்டான்னு கேட்டேன். மாத்தாத, நீ எழுதுனா சரி, வேற எவனும் எங்க கதையத் தொடப்பிடாதுன்னு சொன்னாவ. நானும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். அத வச்சு ஒம்பது வருசம் எழுதுனது."

மறுமுனையில் மீன் லாரியோ தபால் வண்டியோ ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"ஒங்க மேல கோவம் ஒண்ணுமில்ல சார். எல்லாரும் அப்படித்தான் எழுதுதாவன்னு எனக்கும் தெரியும். விசாரணைக்குப் போறதுக்கு முன்ன ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. பொழிலரசன் புத்தகத்தை எடுத்தது சத்தியமாக இலக்கிய ஆர்வத்தால் இல்லை, பயத்தால். மாட்டிக்கொண்டால் தான் சான்றளித்த அத்தனை நூல்களையும் நோண்டுவார்கள். அந்த நூலாசிரியர்கள் அத்தனை பேரும் சால்வையைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம். காலைக் காப்பிக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தேர்வுக்குப் படிக்கிறவன் மாதிரி பென்சிலும் கையுமாக ஆரம்பித்தார். முதல் நாள் கேள்வி வரக்கூடிய இடங்களில் கோடு போட்டார். இரண்டாம் நாள் பென்சில் எங்கேயோ உருண்டு போனது. அவர் தேடவில்லை.

நாவலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் ஆறு பெண்கள் விடிந்ததில் இருந்து இறால் உரிக்கிறார்கள். உரித்து உரித்து விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிடுகிறது. ரேஷன் கடையில் கருவி விரலைக் கேட்கிறது. ஜெபமாலை வைத்துவைத்து எடுக்கிறாள், கருவி அவளைத் தெரியாது என்கிறது. கடைக்காரன் அவளுக்கு ஒன்றுவிட்ட மைத்துனன். அவனுக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆனாலும் அரிசி போட முடியாது. அதனால் மாதக் கடைசியில் அவள் நான்கு நாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, ரேகை வளர்வதற்காக வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்த நான்கு நாளைப் பிரகாசி இருபது பக்கம் எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. பொழிலரசன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றார் கோதைநாயகி.

"படிச்சிட்டிருக்கேன்."

"அதான் கேக்கறேன்."

மனிதப் படைப்புப் பதிவகம் நந்தனத்தில், மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. துணைப் பதிவாளர் நஸ்ரீன் பானுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கவிஞர்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வருகிற ஒரு பொறுமை அவர் முகத்தில் படிந்திருந்தது. பொழிலரசன் சரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, தன் பட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அதெல்லாம் ஃபைல்ல இருக்கு சார்" என்றார் நஸ்ரீன். "ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறேன். சர்க்கரை நோயாளிகளுக்கான சிறுதானியச் சமையல். அதுக்கு நீங்க 'படிக்கப் படிக்கக் கண்கள் பனிக்கும் காவியம்'னு எழுதியிருக்கீங்க. மனுதாரர் அதைத்தான் முதல் ஆதாரமா வச்சிருக்கார். இது சாஃப்ட்வேர் எழுதினதா?"

"இல்லம்மா. அது நானே எழுதினது. சட்டத்துக்கு முன்னாடி."

நஸ்ரீன் அதைக் குறித்துக்கொண்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை. அரசாங்கம் அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறது.

"சரி சார். நடைமுறையைச் சொல்லிடறேன். எழுதினது மனுஷனா மெஷினான்னு எங்க கருவி சொல்லாது, அது யாராலயும் முடியாது. ஆனா இது இன்னார் எழுத்தான்னு சொல்லும். கைரேகை மாதிரி, எழுத்து நடையோட ரேகை. நீங்க சட்டம் வர்றதுக்கு முன்னாடி எழுதின நூறு அணிந்துரை எங்ககிட்ட இருக்கு. இப்ப என் எதிர்ல உக்காந்து, இதே புத்தகத்துக்குப் புதுசா ஒரு பக்கம் எழுதுங்க. அது அந்த நூறோட பொருந்துச்சுன்னா, எழுதினது நீங்கதான்னு அர்த்தம். புதுப் பக்கத்தையே அணிந்துரையா வச்சு சான்றை உறுதி பண்ணிடலாம்."

"பொருந்தலைன்னா?"

"வேற யாரோ உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு அர்த்தம். போன மாசம் ஒருத்தர் கடைவாய்ப் பல்லுக்குள்ள ஸ்பீக்கர் வச்சிட்டு வந்தார். ரெண்டு வாய்ப்பு உண்டு. நிதானமா எழுதுங்க."

வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. பொழிலரசனின் கை வழக்கப்படி 'தெ' என்று எழுதிவிட்டு நின்றது. ஜெபமாலை எண்ணெய் தடவிய விரலைத் தலையணையில் படாமல் வைத்துக்கொண்டு தூங்குகிற பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே தென்றல் எதுவும் இல்லை. அவர் 'தெ'யை அடித்தார்.

ஒரு பக்கம் எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நாற்பது வருடத்தில் இவ்வளவு அடித்தல் திருத்தல் அவர் செய்ததில்லை. எழுதியது இவ்வளவுதான்: 'இந்த நாவலில் ஒரு பெண் தன் விரலில் ரேகை வளர்வதற்காக நான்கு நாள் வேலைக்குப் போகாமல் இருக்கிறாள். அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குப் பசிக்கவில்லை. ஆசிரியர் அவளுக்காக எங்கும் அழவில்லை. நம்மையும் அழச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார இடம் மட்டும் தருகிறார். படித்தேன் என்று நான் எழுதிக்கொடுத்த நூல்கள் பல. இதைப் படித்தேன்.' கீழே பட்டங்கள் இல்லாமல் பெயரைப் போட்டார். அப்படிப் போட்டது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நஸ்ரீன் தாளைக் கருவிக்குள் விட்டார். திரையைப் பார்த்தார். தாளை எடுத்து ஒருமுறை தானே படித்தார்.

"பதினொரு சதவீதம்தான் சார் பொருந்துது. இது நீங்க இல்ல."

"நான்தாம்மா எழுதினேன். நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன். இப்ப படிக்கவும் படிச்சேன். நல்லா இருக்கு சார். அதான் பிரச்சினை."

"ஒரு மனுஷன் ஒரு தடவை நல்லா எழுதக் கூடாதா?"

"எழுதலாம் சார், தாராளமா. ஆனா அது அவர்தான்னு எப்படித் தெரியும்? இந்த நூறு அணிந்துரையில ஒண்ணுலகூட நீங்க புத்தகத்துல இருக்கற ஒரு விஷயத்தைச் சொன்னதில்ல. இதுல சொல்லியிருக்கீங்க. கருவிக்கு அங்கயே டவுட் வந்துடும்."

"மேல்முறையீடு பண்ணலாம் இல்லையா?"

"பண்ணலாம். ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சான்று நிறுத்திவைப்பு. படம் வெள்ளிக்கிழமை வந்துடும்னு மனுதாரர் தரப்புல சொன்னாங்க. முடிவு உங்களோடது. இன்னொரு வாய்ப்பு இருக்கு."

பொழிலரசன் எதிரில் இருந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் பிறந்தநாள் மலர் போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே மார்பளவுச் சிலைக்கு அளவெடுத்திருக்கிறார்கள். அதிலெல்லாம் கிடைக்காத ஒரு மகிழ்ச்சி, கேட்டால் சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு, இந்த ஒரு பக்கத்தில் கிடைத்திருந்தது. இதற்காகச் சண்டை போடலாம். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம். 'என் எழுத்தை எனதில்லை என்கிறது இயந்திரம்' என்று தலைப்பே கண்முன் வந்தது. நியாயமான தலைப்பு. வெள்ளிக்கிழமை ஜெபமாலைக்குக் கல்யாணம் ஆகிவிடும், அது ஒன்றுதான் இடிக்கிறது.

"இன்னொரு தாள் குடுங்கம்மா" என்றார்.

இந்தத் தடவை கை நிற்கவில்லை. தென்றல் தொடங்கிற்று, புயல் எழுந்தது. இறால் உரிக்கும் பெண்கள் 'கடலன்னை கருவறையில் சுமந்த கண்மணிகள்' ஆனார்கள். ஆறாம் நம்பர் மேசை 'அறம் அரங்கேறும் அரியணை' ஆயிற்று. விரல் வரவில்லை, எண்ணெய் வரவில்லை. பிரகாசியின் பெயர்கூட கடைசி வரியில்தான், அதுவும் 'தென்பாண்டித் திருமகள்' என்பதற்குப் பின்னால் வந்தது. தமிழன்னையின் மணிமுடியில் இன்னொரு வைரத்தைப் பதித்துவிட்டு நிமிர்ந்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. ஓர் அடித்தல் கிடையாது. ஐந்து பட்டங்களோடு கையெழுத்துப் போட்டார்.

"தொண்ணூத்தொன்பது புள்ளி நாலு" என்றார் நஸ்ரீன். குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி இருந்தது. "இதான் சார் நீங்க."

பிறகு உறுதிமொழிப் படிவம் ஒன்றை நீட்டினார். 'மேற்படி நூல் குறித்து இதுவே எனது முழுமையான, இறுதியான கருத்து. இதற்கு மாறாகவோ கூடுதலாகவோ வேறு கருத்து எதையும் எழுத்திலோ பேச்சிலோ வெளியிட மாட்டேன்.'

"இது எதுக்கும்மா?"

"அவங்க தொண்ணூறு நாளைக்குள்ள திரும்பவும் மனு போடலாம். நீங்க வேற எங்கயாவது இந்தப் புத்தகத்தைப் பத்தி வேற மாதிரி பேசினீங்கன்னு காட்டிட்டா போதும், ரெண்டுல ஒண்ணு உங்களோடது இல்லைன்னு ஆயிடும். போன் பண்ணுவாங்க சார். வாசகர் மாதிரி பேசுவாங்க. அந்தம்மா குரல்லயே பேசுவாங்க, இப்பல்லாம் அதுக்கு ரெண்டு நிமிஷப் பேச்சு பதிவாகியிருந்தா போதும். எந்த இடம் பிடிச்சதுன்னு ஆசையா கேப்பாங்க. நீங்களும் ஆசையா பதில் சொல்லிடாதீங்க. அந்தம்மாவுக்கும் ஒரு காப்பி அனுப்பிச்சிடுவோம், தீர்ப்பும் புது அணிந்துரையும். முதல் தாள், உறுதிமொழி விவரமெல்லாம் அதுல இருக்காது."

அவர் கையெழுத்துப் போட்டார். "அந்த முதல் தாளை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"மன்னிச்சிடுங்க சார். பொருந்தாததை வச்சிருக்கக் கூடாது, விதி." மேசைக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரம் அந்தத் தாளைச் சேமியா மாதிரி நறுக்கித் தொட்டியில் தள்ளிற்று. நஸ்ரீன் அது முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரேகைப் பொண்ணு கடைசியில என்ன ஆகறாங்க?" என்று கேட்டார்.

பொழிலரசன் வாயைத் திறந்தார். பிறகு உறுதிமொழிப் படிவத்தைப் பார்த்தார்.

"புத்தகம் வாங்கிப் படிங்கம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை படம் வரவில்லை. இறால் இல்லாத வேறு ஏதோ ஒரு கதையில் அந்த முதலாளிக்குப் பெண் பார்த்திருப்பார்கள். அடுத்த வாரம் முற்பகல் வேளையில் போன் வந்தது. தூத்துக்குடி எண்தான். குரலும் பிரகாசியின் குரல்தான். இந்தக் காலத்தில் அது ஓர் ஆதாரம் இல்லை.

"சார், பிரகாசி பேசுதேன். தாள் வந்துட்டு. நல்லா இருப்பிய. ஆறு பேரும் ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாவ."

"நல்லதும்மா. ரொம்ப சந்தோஷம்."

"புது அணிந்துரைய அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுனேன் சார். கருவறையில சுமந்த கண்மணிகள்னு வருதுல்லா, அதுல ஜெபமாலைக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஐஸ் தண்ணிக்குள்ள கைய வச்சிக்கிட்டே சிரிக்கா. இப்ப ஒருத்திய ஒருத்தி கண்மணி, அந்தக் கூடைய இங்கிட்டு நவுத்துன்னுதான் கூப்பிட்டுக்கிடுதாளுவ."

"சிரிக்கட்டும்மா."

அந்தப் பக்கம் முத்திரை குத்துகிற சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா சார்? தப்பா நெனைக்காதிய. வாசிச்சியளா?"

"வாசிச்சேம்மா."

"எந்த இடம் பிடிச்சுது?"

நான்கு நாட்கள். எண்ணெய் தடவிய விரல். ஐந்தாம் நாள் காலையில் ரேஷன் கடைக்குப் போகிற வழியில், பக்கத்து வீட்டுப் பிள்ளை தடுக்கி விழ, ஜெபமாலை தூக்கப் போய், விரலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு கணம் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாளே, அந்த இடம். இரண்டே வரி. அவர் அதை எத்தனை தடவை படித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது. கேட்பது பிரகாசி என்றால் அவளுக்கு அது போதும். வேறு யாராவது என்றால் அவர்களுக்கும் அதுவே போதும்.

"எல்லா இடமும் நல்லா இருந்துதும்மா" என்றார் செம்மொழிச் சுடர் பொழிலரசன்.

"சரி சார்" என்றது அந்தக் குரல். வருத்தமோ கோபமோ இல்லை. எதிர்பார்த்த பதில் எதிர்பார்த்தபடி வந்து சேர்ந்தால் எப்படி வாங்கி வைத்துக்கொள்வோமோ, அப்படி. "ஒடம்பப் பாத்துக்கிடுங்க. வச்சிடுதேன்."

அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோதைநாயகி அடுத்த அணிந்துரைக்கு வந்த புத்தகத்தின் பெயரைக் கணினியில் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"யாரு போன்ல?"

"தெரியலை" என்றார் பொழிலரசன்.